மூன்றாவது மாத்திரையும் ஞாயிற்றுக்கிழமைத் தலைசுற்றலும்

எனக்கு உடம்பு சரியில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவர் என் கணவர். நான் அவரைத் திட்டுவதை நிறுத்திவிட்டேன், அதனால் கண்டுபிடித்தார்.

திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் எங்களுக்கு ஒரு டிபன் கடை. ஆறு மேசை, ஒரு பெரிய இட்லிக் கொப்பரை, இரண்டு தோசைக்கல். காலை ஐந்து மணிக்கெல்லாம் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்கள் எங்கள் தெருமுனையில்தான் நிற்கும். அதில் போகிறவர்களில் பாதிப் பேர் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். எங்கே போனாலும் பருப்பை மசித்த பப்பும் ஆவக்காய் ஊறுகாயுமே கிடைக்கிற ஊரில், இட்லிக்கு மேல் தாராளமாகச் சாம்பார் ஊற்றுகிற கடை என்பதால் எங்களைத் தேடி வருவார்கள். சாம்பார் என் பொறுப்பு. மற்றதெல்லாம் அவர் பொறுப்பு, ஆனால் மற்றதெல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்த்துச் சத்தம் போடுவதும் என் பொறுப்பு. அவர் நகரிக்காரர். வீடு முழுக்க விசைத்தறி. தறிச் சத்தம் தாங்காமல் ஓடிவந்து என் சத்தத்தில் மாட்டிக்கொண்டார் என்று அவரே எல்லோரிடமும் சொல்வார்.

அப்படிப்பட்ட நான் ஒரு மாதமாக வாயைத் திறக்கவில்லை. சட்னி புளித்திருந்தது, ஒன்றும் சொல்லவில்லை. பால்காரர் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனார், பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் கொத்தமல்லியை ஆய்ந்துகொண்டிருக்கும்போது அழுகை வந்தது. கொத்தமல்லி என்னை ஒன்றும் செய்யவில்லை. வீட்டில் யாரும் சாகவில்லை, சண்டை இல்லை, கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. எழுந்து உட்காருவதற்கே அரைமணி நேரம் ஆனது. குளிப்பது ஒரு மலையாகத் தெரிந்தது.

ஒருநாள் சாம்பாரில் உப்பே போடாமல் விட்டுவிட்டேன். அவர் வந்து சொன்னார். நான் "சரி" என்றேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவர் சொன்ன குற்றத்துக்கு நான் "சரி" என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்கு வியர்த்துவிட்டது.

"இன்னாமே, ஒண்ணியும் சொல்லமாட்டேன்ற? கொஞ்சம் கோவமாவது படேன்" என்றார்.

"எதுக்கு?" என்றேன்.

அடுத்த வாரமே சித்தூருக்குக் கூட்டிப்போனார். திருப்பதியில் டாக்டர்களுக்கா பஞ்சம்? ஆனால் திருப்பதியில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் எங்கள் கடையில் சாப்பிட்ட ஒருவராவது அங்கே உட்கார்ந்திருப்பார். சித்தூர் என் அம்மா வீடு இருக்கிற ஊர். அம்மாவைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். ரகசியம் பத்திரமாக இருக்கும் என்று எழுபது கிலோமீட்டர் பஸ்ஸில் போய் இறங்கினோம்.

மனநல டாக்டரின் கிளினிக்கில், கதவைத் திறந்ததும் முதல் நாற்காலியில், தினமும் எங்கள் கடையில் நாலு இட்லியும் ஒரு வடையும் சாப்பிடுகிற கம்பெனி பஸ் டிரைவர் உட்கார்ந்திருந்தார். அவரும் ரகசியம் பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் சித்தூருக்கு வந்திருந்தார்.

"அக்கா, முட்டி வலிக்கு வந்தேன்" என்றார், நான் ஒன்றும் கேட்காதபோதே.

"எனக்கும் முட்டிதான்" என்றேன்.

எதிர்ச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு மூளைப் படம் மாட்டியிருந்தார்கள். இரண்டு பேரும் அதைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே மாங்காய் லாரிகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். பாதித் தெலுங்கு, பாதித் தமிழ். காரணம் என்ன என்று அவர் கேட்கவில்லை, எனக்கு அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது. எப்படித் தூங்குகிறாய், எப்படிச் சாப்பிடுகிறாய், செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று வரிசையாகக் கேட்டார். "மாத்ர தர்றேன்மா. பலன் தெரிய மூணு நாலு வாரம் ஆவும். தொந்தரவு மட்டும் மொத வாரமே தெரியும். பயந்துக்கினு நீயா நிறுத்தாதே, என்கிட்ட வா. முதல்லயே செட் ஆனா சந்தோஷம், இல்லாட்டி வேற பாக்கலாம்" என்றார். சீட்டில், காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு, என்று எழுதிக் கொடுத்தார்.

செட் ஆகவில்லை. தொந்தரவு என்று அவர் சொன்னது இதையா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது, ஆனால் ஆத்திரப்படத் தெம்பு இல்லை. பெருங்காய டப்பாவைத் திறந்தால் குமட்டியது. வாய் வெயிலில் போட்ட வடகம் மாதிரி காய்ந்தது. எல்லாவற்றையும்விட மோசம், எனக்கு ருசி தெரியவில்லை. சாம்பாரை உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தால் வெந்நீர் மாதிரி இருந்தது. ருசி தெரியாத ஒருத்தி டிபன் கடை நடத்தி என்ன செய்வது?

முதலில் நான் அசரவில்லை. எனக்குச் சனிக்கிழமைப் பழக்கம் ஒன்று உண்டு. கல்யாணமான நாளிலிருந்து சனிக்கிழமை பெருமாளுக்கு உபவாசம். பகல் முழுக்க மோரும் எலுமிச்சைத் தண்ணீரும்தான், பல்லில் ஒரு பருக்கை படாது. ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு, மொட்டை மாடியில் நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்ட பிறகுதான் சாப்பாடு. அதனால் சனிக்கிழமைச் சாம்பாரை நான் வாயில் வைத்தே பார்க்க மாட்டேன். கை அளவிலும் வாசனையிலும்தான் செய்வேன், ஒருநாளும் தப்பியதில்லை. அதே மாதிரி வாரம் முழுக்கச் செய்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்தேன். ஆனால் அந்த மாத்திரை தூக்கத்தையும் கொடுத்தது. உப்பைப் போட்டேனா இல்லையா என்று மறந்துபோய் இன்னொரு கை போட்டுவிடுவேன்.

"அக்கா, இன்னிக்கி சாம்பார்ல கடலைக் கொண்டாந்து ஊத்திக்கீற" என்றார் டிரைவர். முட்டி வலிக்காரர் என்கிற உரிமையில் அவருக்கு வாய் நீண்டிருந்தது.

ருசி பார்க்கும் வேலையை என் கணவரிடம் கொடுத்தேன். அவருக்கு நாக்கு என்று ஒன்று இருக்கிறதே தவிர, அதனால் உபயோகம் கிடையாது. எதைக் கொடுத்தாலும் "சூப்பர்" என்பார். கரண்டியில் வெறும் புளித்தண்ணீரை எடுத்து நீட்டினேன், அதுவும் சூப்பர். சாம்பாருக்குப் பேர்போன கடையில் சாம்பார் மிஞ்ச ஆரம்பித்தது.

டாக்டரம்மா அளவைக் குறைத்துப் பார்த்தார், கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார், இரண்டு மாதம் கழித்து அதை மெல்ல மெல்லக் குறைத்து வேறு மாத்திரைக்கு மாற்றினார். இரண்டாவது மாத்திரை நல்ல மாத்திரை. நாக்கை மட்டுமல்ல, இன்னும் பத்துப் பேருடைய பசியையும் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தது. ருசி பார்க்கிறேன் என்று ஒரு கரண்டி, அது சரிதானா என்று இன்னொரு கரண்டி, இட்லி மெதுவாக வந்திருக்கிறதா என்று மூன்று இட்லி. மூன்று மாதத்தில் என் ஜாக்கெட் எதுவும் எனக்குச் சேரவில்லை. எழுந்தால் கொட்டாவி, உட்கார்ந்தால் தூக்கம். துக்கம் கொஞ்சம் நகர்ந்திருந்தது உண்மை, ஆனால் அது இருந்த இடத்தில் ஒரு மூட்டை பருப்பை ஏற்றி வைத்த மாதிரி இருந்தது.

இந்த நேரத்தில் டிரைவர்தான் எனக்குத் தைரியம் சொன்னார். முட்டிக் கதையை இருவருமே விட்டுவிட்டிருந்தோம். அவருக்கு முதலில் கொடுத்த மாத்திரையில் கை நடுக்கம் வந்ததாம். அது சரியாகும்வரை ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட, ஷெட்டில் உட்கார்ந்து மற்ற பஸ்கள் போய் வருகிற நேரத்தை எழுதிக்கொண்டிருந்தாராம். "ஒரு மாசம் பேனா ஓட்டிக்கினு இருந்தேன் அக்கா. அப்புறம் வேற குடுத்தாங்கோ, செட் ஆச்சு. உனக்கும் ஒண்ணு கீது, அது இன்னும் வந்து சேரல, அவ்ளோதான்" என்றார்.

வந்து சேர்ந்தது. மூன்றாவது மாத்திரை.

அதைப் போட ஆரம்பித்து நாலாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தபோது அதன் வாசனை எனக்குத் தெரிந்தது. வாசனை முன்பும் தெரிந்ததுதான். ஆனால் அன்றைக்கு அது நன்றாக இருந்தது. ஒரு சொட்டு நக்கிப் பார்த்தேன். புளி ஒரு துளி தூக்கல். தூக்கல் என்று தெரிந்ததே! வெல்லம் கிள்ளிப் போட்டுவிட்டு, அடுப்படியில் நின்று நானாகச் சிரித்தேன். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை. தொலைந்துபோன நான் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டேன் என்று இருந்தது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடவில்லை. மற்ற நாளெல்லாம் நன்றாக இருப்பேன். சனிக்கிழமை சாயங்காலமே என்னவோ போலிருக்கும். ஞாயிறு காலையில் கண்ணை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் திருப்பினால் தலைக்குள் சுரீர் என்று கரண்ட் அடிக்கும். தலை சுற்றும், கொப்பரை மூடியைத் தூக்கினால் கொப்பரையோடு நானும் சுற்றுவேன். காரணமே இல்லாமல் அழுகை. ஞாயிறுதான் மலைக்கு வரும் தமிழ்நாட்டுக் கூட்டம் எங்கள் கடையை மொய்க்கும் நாள். நான் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டிருப்பேன். திங்கட்கிழமைக்கு மேல் சரியாகிவிடும், ஆனால் அடுத்த ஞாயிற்றை நினைத்துப் பாதி வாரம் பயத்திலேயே போகும்.

நானும் என் கணவரும் துப்பறிய ஆரம்பித்தோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாம் என்ன செய்கிறோம்? எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறாய், அதை நிறுத்து என்றார். நிறுத்தினேன், தலை சுற்றியது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூரி போடுகிறோம், எண்ணெய்ப் புகைதான் என்றார். பூரியை நிறுத்தினோம், வந்தவர்கள் திட்டிவிட்டுப் போனார்கள், தலை சுற்றியது. கடைசியாக, மத்தியானம் தின்கிற ஆட்டுக்கறி மேல் சந்தேகம் வந்தது. மத்தியானம் சாப்பிடும் கறி எப்படிக் காலையிலேயே தலையைச் சுற்ற வைக்கும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. போன வாரத்துக் கறி மெதுவாக வேலை செய்கிறது என்று அவர் சொன்னார், நம்பினேன். மூன்று வாரம் கறி இல்லை.

பாருங்கள், நாங்கள் ஆட்டின்மேல் சந்தேகப்பட்டோம், பூரிமேல் சந்தேகப்பட்டோம். பெருமாளுடைய கிழமையின்மேல் சந்தேகப்பட எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இந்த மாத்திரையும் ஆகவில்லை என்று டாக்டரம்மா நான்காவதை எடுத்து நீட்டினால் வாங்கப் போவதில்லை. மறுபடியும் குமட்டல், மறுபடியும் ருசியில்லாத வெந்நீர்ச் சாம்பார், மறுபடியும் நாலு வாரம் காத்திருப்பது, என்னால் முடியாது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வருவது வரட்டும் என்று கிடப்பேன். சித்தூருக்குப் போகும் பஸ்ஸில் இவரிடமும் அப்படியே சொன்னேன். அவர் தலையைத் தடவிக்கொண்டார். அவருக்கு அப்போது முடி கழுத்துவரை வளர்ந்திருந்தது. சட்டைப் பையில் சீப்பு வைத்துக்கொண்டு திரிகிற ஆள், பதினைந்து நாளைக்கு ஒருமுறை சலூனுக்குப் போய்விடுவார். அது ஏன் இப்படி வளர்ந்து கிடக்கிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கடையில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வேலை செய்வார், நானும் பார்த்தும் பார்க்காமல் இருந்தேன்.

மாத்திரை அட்டைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு வா என்று டாக்டரம்மா போனில் சொல்லியிருந்தார். சாம்பார்ப்பொடி கவரில் போட்டு எடுத்துப்போனேன். மேசைமேல் கொட்டிப் பார்த்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"ஏமம்மா, போன மாசம் சரியா நேத்திக்கி வரைக்கும்தான் குடுத்தேன். நாலு எப்படி மிச்சம் கீது?"

என் கணவர் பெருமையாக முன்னால் வந்தார். "சனிக்கிழமை போடமாட்டா மேடம். ஒரு சனிக்கிழமை தவற மாட்டா, அவ்ளோ பக்தி."

"சாப்பாட்டுக்குப் பிறகுன்னு எழுதிக் குடுத்தீங்களே மேடம்" என்றேன் நான். "சனிக்கிழமை உபவாசம். சாப்பாடே கிடையாதே. அப்புறம் எப்படிப் போடறது?"

டாக்டரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். அப்புறம் ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், வெளியே காத்திருந்தவர்கள் இந்த டாக்டரிடம்தான் வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டுமா என்று யோசித்திருப்பார்கள்.

"நேனு கூடா சனிவாரம் உபவாசமே அம்மா" என்றார். தானும் சனிக்கிழமை உபவாசம் இருப்பவராம். "நான் பிபி மாத்ர போட்டுக்கல? தேவுடு மாத்ரலு வத்தன்னாடா, மாத்ர வேணாம்னு சாமி சொன்னாரா? உனக்கு வயிறு பொரட்டக் கூடாதுன்னு சாப்பாட்டுக்கு அப்புறம்னு எழுதினேன். ஒரு டம்ளர் மோர் போதும்."

அப்புறம் விளக்கினார். முதலில் கொடுத்த மாத்திரைகள் உடம்பில் கொஞ்ச நாள் தங்குகிறவை. ஒருநாள் விட்டாலும் உடம்பு கண்டுகொள்ளாது. இது அப்படியில்லை, ஒரு நாளில் வெளியே போய்விடும். வெள்ளிக்கிழமை போட்டதை ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இழுத்தால் தலைக்குள் கரண்ட் அடிக்கத்தான் செய்யும். "மாத்ர உனக்கு ஒத்துக்கலைன்னு யார் சொன்னா? ஒத்துக்கிட்டுதான் இருக்கு. நீதான் வாரத்துக்கு ஒருநாள் அதுக்கு லீவு குடுக்கற."

எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. அடுத்ததாக, மூன்று வாரம் சாப்பிடாத ஆட்டுக்கறி ஞாபகம் வந்தது. இவரைத் திரும்பிப் பார்த்தேன். அப்போதே நாலு வார்த்தை கேட்டிருப்பேன், ஆனால் டாக்டரம்மா மறுபடி சிரிக்க ஆரம்பித்துவிட்டார், எனக்கும் தொற்றிக்கொண்டது. வெளியே வந்தால் டிரைவர் உட்கார்ந்திருந்தார். "உள்ள இன்னா அக்கா சிரிப்பு? முட்டி நேராயிடுச்சா?" என்றார்.

அந்தச் சனிக்கிழமை மொட்டை மாடியில் மோர் டம்ளரையும் மாத்திரையையும் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்து நின்றேன். டாக்டர் சொன்னது புத்திக்குப் புரிந்தது, பதினாறு வருஷப் பழக்கத்துக்குப் புரியவில்லை. கடைசியில், "நீ எல்லாத்தையும் பாத்துக்கினுதான் இருக்கே, இதையும் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு விழுங்கினேன். மேகம் கலையவுமில்லை, இடி இடிக்கவுமில்லை. கீழே கொப்பரை விசில் மாதிரி கத்தியது, ஓடினேன்.

ஞாயிறு விடிந்தது. படுத்தபடியே கண்ணை இடது பக்கம் திருப்பினேன். வலது பக்கம் திருப்பினேன். ஒன்றுமில்லை. எழுந்தேன், குனிந்தேன், கொப்பரை மூடியைத் தூக்கினேன். நான் சுற்றவில்லை, கொப்பரையும் சுற்றவில்லை. குளித்து, கும்பிட்டு வந்து சாம்பாரை ஒரு சொட்டு நக்கினேன். சரியாக இருந்தது. பூரிக்கு மாவு பிசையச் சொன்னேன்.

ஏழு மணிக்கெல்லாம் கடை நிறைந்துவிட்டது. டிரைவர்கூட லீவு நாளில் வீட்டாரோடு வந்து உட்கார்ந்திருந்தார். சாம்பார் வாளியில் கரண்டியை விட்டு எடுத்தேன். கரண்டியோடு ஒரு முடி வந்தது. நீளமான, கறுப்புச் சாயம் பூசிய, அடி வெளுத்த ஒரு முடி.

எனக்குள் என்னவோ பற்றிக்கொண்டது.

"யோவ்! இங்க வாய்யா! இது இன்னா இது? கடை நடத்துறியா, இல்ல சவுரி வியாபாரம் பண்றியா? கழுத்து வரைக்கும் வளத்துக்கினு, கண்ணாடி எதிர்ல நின்னா யாருன்னு உனக்கே தெரியுமா? மூணு வாரம் கறியை நிறுத்தினியே, அந்த மூளையை இதுல காட்டக் கூடாது? மொத்தச் சாம்பாரையும் கொட்டு! கொட்டுன்றேன்ல!"

மலைக்கு வந்தவர்கள் பூரியைக் கையில் வைத்தபடி பார்த்தார்கள். அவர் துண்டை அவிழ்த்தபடி என் முன்னால் நின்றார். திட்டு வாங்கினவர் முகம் அப்படி இருக்காது. முகம் முழுக்கச் சிரிப்பு, கண்ணில் தண்ணீர்.

"கொட்டிடுறேம்மே" என்றார். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினார். வாளியைக் கழுவி வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, "மத்தியானத்துக்கு மேல வரேன்" என்று போயேவிட்டார். இரண்டாவது சாம்பாரை நான் ஒருத்தியே வைத்தேன், டிரைவர் வீட்டம்மா தட்டு எடுத்து உதவி செய்தார். இத்தனை கூட்டத்தில் விட்டுவிட்டுப் போன மனுஷன் திரும்பி வரட்டும் என்று கறுவிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் உளுந்து ஊறப் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு மொட்டைத் தலை தெரிந்தது. தலை முழுக்கச் சந்தனம், கையில் லட்டுப் பை. அடையாளம் தெரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆனது.

"இன்னாங்க இது? என்கிட்ட சொல்லாம யாருக்கு வேண்டுதல்?"

பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீ உப்பில்லாத சாம்பாருக்கு 'சரி'ன்னு சொன்னியே, அன்னிக்கே வேண்டிக்கினேன். 'அவ பழையபடி நாலு பேர் எதிர்ல என்னைத் திட்டணும், திட்டின அன்னிக்கே வந்து முடி குடுத்துடுறேன்'னு. எட்டு மாசமா வளத்துக்கினு காத்துக்கினு இருந்தேம்மே."

அந்தச் சீப்பு இன்னும் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. கொத்தமல்லிக்கு வந்த அழுகை இல்லை, இதற்குக் காரணம் என் எதிரிலேயே மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தது. எட்டு மாதம் நான் அவரைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, அவர் என் ஒரு திட்டுக்காகக் காத்திருந்திருக்கிறார்.

உளுந்துக் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"சந்தனம் காதுல வழியுது, தொடைங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.